முக்கால் டம்ளர் அரிசி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய அண்டாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் கையில் தட்டுப்பட்டது. மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பியதும் சீரகமும் மிளகாயும் வெயிலும் கலந்த வாசனை மெதுவாக வெளியே வந்தது. வெயிலுக்கு வாசனை உண்டா என்று யாராவது கேட்டால், வேதியியல் படித்தவன் இல்லையென்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் அது வெயிலின் வாசனைதான். நீங்கள் போட்ட சோற்று வடகம், சம்பந்தி. கால் டின் மிச்சமிருந்தது.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். அடிப்பக்கத்தில் பனியன் துணியின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. மேடும் பள்ளமுமாக நேர்க்கோடுகள். ஆயுசில் பாதியைப் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் கழித்தவனுக்கு அது ரிப் துணி என்பது உடனே தெரிந்துவிட்டது. மாடியில் நான்கு செங்கல் வைத்து அந்தத் துணியை விரித்து, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நீங்கள் சோற்றைக் கிள்ளிக் கிள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் ஏணியிலிருந்து இறங்கவே மறந்துபோனேன்.

கீழே நின்றிருந்த மல்லிகா டின்னை வாங்கி முகர்ந்தாள். உங்கள் மகள், என் மருமகள். அவள் முகம் ஒரு கணம் சிறுபெண்ணின் முகமாகிவிட்டது.

"அந்தக் கோடையில அம்மா நல்லாத்தான இருந்தாங்க மாமா? இல்லீன்னா வெயில்ல நின்னு இத்தன வடகம் போட்டிருப்பாங்களா?" என்றாள்.

நான் "ம்" என்றேன். அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிவிட்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்தேன். நான்காவது நாள், உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் நின்று சொல்லும் தைரியம் நீங்கள் இருந்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது.

எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெருமாநல்லூரில் நீங்கள் இருந்த லைன் வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றதும் மல்லிகா பிடிவாதமாக அழைத்து வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து ஒரு பெட்டி, ஒரு துணிமூட்டை, அப்புறம் ஒரு மஞ்சப்பை இறங்கின. பைக்குள் கால் கிலோ பருப்பு, கொஞ்சம் புளி, பாதி வெங்காயம். அந்தப் பாதி வெங்காயத்தை வாழையிலையில் சுற்றியிருந்தீர்கள்.

என் மகன் சிரித்துவிட்டான். "ஏனுங் அத்தை, பாதி வெங்காயத்தையுமா ஆட்டோ ஏத்திக் கூட்டியாந்தீங்க?"

"அங்க உட்டுட்டு வந்தா அத யாரு திங்கறதுங்க மாப்ள?" என்றீர்கள்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வந்து தங்குவது உங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை அந்தப் பை சொல்லிற்று. நான் அப்போது அதைச் சிக்கனம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். என் மனைவி போனபிறகு இந்தச் சமையலறையை எனக்குத் தெரிந்த மட்டும் ஒழுங்காக வைத்திருந்தேன். ஒழுங்கு என்று நான் நினைத்ததை நீங்கள் வந்த வாரமே கலைத்துவிட்டீர்கள்.

தர்பூசணி விஷயம் ஞாபகம் இருக்கிறதா? தோலைக் குப்பையில் போடச் சொன்னேன். மறுநாள் மதியம் ஒரு கூட்டு இருந்தது. சுரைக்காய் என்று நினைத்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "நேத்து நீங்க தூக்கிப் போடச் சொன்ன தோலுதானுங் சம்பந்தி அது," என்று சமையலறைக்குள் இருந்தபடியே சொன்னீர்கள். முகம் தெரியவில்லை. குரலில் சிரிப்பு இருந்தது. பீர்க்கங்காய்த் தோல் துவையலானது. கொத்தமல்லித் தண்டு ரசத்தில் போய் விழுந்தது. புளித்த மாவு பணியாரமானது. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று. மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தால் அதில் பங்கு கேட்டு என் மகன் சண்டை போட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒழுங்குபடுத்தாமல் எனக்கு இருக்க முடியாது. மகனின் கம்பெனியில் மீந்துபோன சைஸ் ஸ்டிக்கர் சுருள்கள் வீட்டில் கிடந்தன. அவற்றை வைத்து ஃப்ரிட்ஜுக்கு ஒரு முறை கண்டுபிடித்தேன். இன்று வைத்த பாத்திரத்துக்கு எஸ். நாளைக்கு அதன்மேல் எம். மூன்றாம் நாள் எல். எல் வந்துவிட்டால் அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டும். எக்ஸெல் ஆனால் தெருமுனை மாட்டுக்குப் போகவேண்டும். ஒருநாள் மல்லிகா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கத்தினாள்: "மாமா, சாம்பார் எக்ஸெல் ஆயிருச்சுங்!" நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "நல்லவேளை சம்பந்தி, எனக்கு ஸ்டிக்கர் ஒட்டாம உட்டீங்களே!"

அதன்பிறகுதான் காலண்டர் வந்தது. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அன்றைக்கு எத்தனை கரண்டி சோறு மீந்தது என்று பென்சிலில் எழுதுவேன். மீதி கூடினால் மறுவாரம் உலை அரிசியைக் கொஞ்சம் குறைப்பது, குறைந்தால் அப்படியே விடுவது. கம்பெனியில் ஒவ்வொரு லைனிலும் ரிஜெக்ட் பீஸ் எத்தனை என்று எழுதிப் பழகிய கை. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஆபீசர் ஊட்டுக்கு வந்தும் எனக்குச் செக்கிங் வேலதானுங்களா?" என்றீர்கள்.

நீங்களும் பனியன் கம்பெனியில்தான் இருந்தீர்கள். வேறு கம்பெனி, வேறு இடம். நான் மேஜையில் உட்கார்ந்து தாளில் எண்ணியவன். நீங்கள் நின்றுகொண்டே ஒவ்வொரு பீஸையும் கையில் விரித்து ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் பார்த்தவர். ஒரு மதியம் மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள். பக்கத்துத் தெரு நிட்டிங் மிஷின்களின் ரீங்காரம் காற்றில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பஞ்சுத்தூசி வெயிலில் மிதந்தது. "ரிஜெக்ட் கொறைஞ்சா மேனேஜருக்குச் சந்தோசமுங்க. ஆனா அதுக்கு ரெண்டு காரணம் இருக்குங். தைக்கறவங்க நல்லாத் தைச்சிருக்கோணும். இல்லீன்னா பாக்கறவங்க கண்ணு அசந்திருக்கோணும்."

நான் தலையாட்டினேன். நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று மனதுக்குள் பாராட்டினேன். அவ்வளவுதான்.

நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் அரிசி. அதுதான் கணக்கு. அந்தச் சித்திரையில் கட்டங்களில் எண்கள் கூட ஆரம்பித்தன. ஒரு கரண்டி, ஒன்றரை, இரண்டு. நீங்கள் மீதிச் சோற்றையெல்லாம் சீரகம் போட்டுப் பிசைந்து மாடிக்குக் கொண்டுபோனீர்கள். தினமும் வடகம். "இத்தன வடகம் எதுக்குங்க?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல ரசஞ்சோத்துக்கு ஆகுமுங்க," என்றீர்கள். வடகம் போட்டாலும் மீதி மீதிதானே. நான் அரிசியை இரண்டே முக்கால் டம்ளராகக் குறைத்தேன். வைகாசியில் இரண்டரை. ஆனியில் இரண்டேகால். ஒவ்வொரு முறையும் "அளவு நீங்க சொன்னாச் சரிங்க" என்பீர்கள். ஆடி மாதம் முழுக்கக் கட்டங்களில் பூஜ்யம். அத்தனை பூஜ்யங்களை வரிசையாகப் பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவற்றைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தேன்.

எப்படித் தெரியாமல் போயிற்று என்று இப்போது யோசிக்கிறேன். நம் பக்கத்தில் சம்பந்திகள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமில்லை. நான் மதியம் கூடத்து மேஜையில் சாப்பிடுவேன். நீங்கள் நான் எழுந்து போனபிறகு சமையலறையில், சுவரைப் பார்த்துப் பலகை போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். மாலையில் மகனும் நானும் முதலில். மல்லிகா வேலை முடிந்து வந்து அப்புறம். அவள் கேட்டால் "நான் அப்பவே உண்டுட்டேன் கண்ணு" என்பீர்கள். நானும் தினமும் கேட்டேன்: "நீங்க சாப்பிடலீங்களா?" கேட்டுவிட்டு, பதில் வரும்முன்பே தட்டைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டேன். சம்பந்தி அம்மாவை முகம் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று எனக்குப் பழக்கம். மரியாதையோ, பயமோ. வடிகஞ்சியில் உப்புப் போட்டு நீங்கள் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கஞ்சியைக்கூட வீணாக்காத மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் வளையல்கள் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனதைப் பார்க்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை குழாயடியில் உட்கார்ந்த நீங்கள் எழவில்லை. அதன்பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் பஞ்சுத்தூசிக்கு நடுவே பார்த்ததுபோலத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர், நீலத் திரை, மல்லிகாவின் கை உங்கள் காலைப் பிடித்திருந்தது. டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா எத்தனை நாளா சரியாச் சாப்பிடறதில்ல?"

மல்லிகா விழித்தாள். "ஒரு பத்து நாளாத்தான் இருக்குமுங்க டாக்டர். அதுக்கு முன்னால நல்லாத்தான் சாப்பிட்டாங்க."

அந்த நேரத்தில்தான் என் கண்முன்னே காலண்டர் வந்தது. மூன்று டம்ளர், நான்கு பேர், ஆளுக்கு முக்கால் டம்ளர். மூன்றிலிருந்து இரண்டேகால் போனால் முக்கால். நான் மாதாமாதம் மிச்சப்படுத்திக்கொண்டே வந்தது சரியாக ஒரு ஆளின் சோறு. அந்த டாக்டரின் கேள்விக்குத் தேதிவாரியாகப் பதில் வைத்திருந்த ஒரே மனிதன் அந்த அறையில் நான்தான். பதிலைச் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டியபோது நீங்கள் படுக்கையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மல்லிகா மருந்து வாங்கப் போனதும் கூப்பிட்டீர்கள். முதன்முறையாக நாம் இருவரும் முகம் பார்த்துப் பேசியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"உள்ள எறங்கலீங் சம்பந்தி. சித்திரையிலிருந்தே. ரெண்டு வாய் போனா நெஞ்சுலயே நிக்குது."

"ஏனுங்க சொல்லல?" என்றேன்.

"சம்பந்தி ஊட்டுல வந்து உக்காந்துட்டு நோவுன்னு படுத்தா நல்லாவா இருக்கும்? புள்ள லீவு போட்டுட்டு என்னத் தூக்கிட்டு அலைவா. தன்னால சரியாயிரும்னு இருந்துட்டேன்." பிறகு உதட்டோரம் கொஞ்சம் சிரித்தீர்கள். "சோறு மீந்து காட்டிக்குடுத்துப் போடுமோன்னு பயந்தேன். நல்லவேளைக்கு நீங்க அரிசியக் கொறைச்சுட்டீங்க."

நல்லவேளைக்கு! நீங்கள் கேலியாகத்தான் சொன்னீர்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மல்லிகாகிட்டச் சொல்லிப் போடாதீங். அந்தப் புள்ள தாங்காது. சத்தியமா?"

"சரிங்க," என்றேன்.

சில வாரங்களில் நீங்கள் போய்விட்டீர்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மல்லிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த முடியாத வாக்கியம் எத்தனையோ மத்தியானங்களில் அரைத்தூக்கத்தில் எனக்குக் கேட்கிறது. சில நாள் அதன் பின்னாலேயே சமையலறையில் கரண்டி வைக்கும் சத்தமும் கேட்கும். எழுந்து பார்க்கமாட்டேன். எழுந்தால் சத்தம் நின்றுவிடும் என்று தெரியும்.

நீங்கள் கேட்டுக்கொண்டதால் நான் வாய் திறக்கவில்லையா, அல்லது என் கோழைத்தனத்துக்கு உங்கள் சத்தியம் வசதியாக அமைந்துவிட்டதா? எத்தனை முறை யோசித்தாலும் இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. அந்த வருடத்துக் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். கிழித்துப் போடவும் துணிவில்லை.

அப்படியே இருந்திருப்பேன். ஆனால் மல்லிகா அந்த வடகத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள், சம்பந்தி. என் மகனிடம் சொன்னாள். போனில் யாரிடமோ சொன்னாள். "கோடை முழுக்க எங்கம்மா கல்லு மாதிரி இருந்தாங்க, வடகமெல்லாம் போட்டாங்க, திடீர்னுதான் எல்லாமே." அந்த டின்தான் அவளுக்கு ஆதாரம். நீங்கள் விழுங்க முடியாமல் ஒதுக்கிய சோறு அது என்று எனக்கு மட்டும் தெரியும். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதானே நீங்கள் விரும்பினீர்கள்? ஆனால் அவள் நிம்மதியாக இல்லை. திடீரென்று எப்படி என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று குழாயடியில் தனியாக விட்டது தப்போ, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனது தப்போ என்று இல்லாத இடங்களிலெல்லாம் தேடினாள். இருக்கும் இடத்தை நான் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

புதன்கிழமை அவளுக்கு லீவு. காலைச் சாப்பாடு முடிந்ததும் காலண்டரை எடுத்து மேஜையில் விரித்தேன். மூலைகள் சுருண்டு சுருண்டு வந்தன. நான்கு டம்ளர்களை மூலைக்கொன்றாக வைத்தேன். என்ன பேசவேண்டும் என்று முந்தின நாளே தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுதியதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. தாளைப் புரட்டிப் புரட்டி விரலால் சித்திரையைக் காட்டினேன், வைகாசியைக் காட்டினேன், ஆனியைக் காட்டினேன், ஆடியில் நிறுத்தினேன். மூன்று டம்ளரும் இரண்டேகால் டம்ளரும் என்றேன். உங்களிடம் கொடுத்த சத்தியத்தையும் சொன்னேன். "நான் பாத்திருக்கோணும் கண்ணு. பாக்கற வேலைய ஆயுசு பூராச் செஞ்சவன்," என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் ஏற்கத் தயாராக இருந்தேன். அவள் வெகுநேரம் அந்தச் சிவப்புச் சுழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே துணி ஏற்றிய வண்டி ஒன்று பின்னால் நகர்ந்து நகர்ந்து சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு சுழியின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தக் காலண்டர் சுவத்துலதான மாமா தொங்குச்சு. நானுந்தான் தெனமும் பாத்தேன்," என்றாள். "ஆபீஸ்ல பெருமையாச் சொன்னனுங் மாமா. எங்கூட்ல ஒரு பருக்கை வீணாகறதில்ல, எங்கம்மாவும் மாமாவும் அப்படின்னு. எல்லாரும் கைதட்டுனாங்க."

அப்புறம்தான் அழுதாள். நான் அவள் தலையில் கைவைத்தேனா என்று கேட்காதீர்கள். வைக்க நினைத்தேன். கை பாதிவழியில் நின்று, டம்ளரை நேராக வைத்துவிட்டுத் திரும்பிற்று.

கொஞ்சம் தேறியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எங்கம்மா சரியான கள்ளி மாமா. சுவத்தப் பாத்து உக்காந்தே நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாங்க."

கோபமும் பிரியமும் சேர்ந்த குரல் அது. உங்கள் குரலே வேறு ஒரு உடம்பிலிருந்து வந்ததுபோல எனக்குப் பட்டது. அவள் தாங்கினாள், சம்பந்தி. அவள் தாங்கமாட்டாள் என்று நாம் இருவரும் நினைத்தது தப்பு. வாக்கு மீறியதற்கு என்னை நீங்கள் மன்னிக்கவேண்டும். மன்னிக்காவிட்டாலும் சரிதான், மறுபடியும் அதையே செய்வேன் என்று எழுத நினைக்கிறேன். எழுதிவிட்டேன். இவ்வளவு தைரியமாக நான் ஒரு வாக்கியம் எழுதியதில்லை.

தோல் துவையல் இன்றும் நடக்கிறது. அரிசித் தண்ணீர் செடிக்குத்தான் போகிறது. ஸ்டிக்கர்களும் இருக்கின்றன, அவற்றை என்னால் விடமுடியாது. ஆனால் புதன்கிழமை மாலையே மல்லிகா சமையலறைச் சுவரோரம் கிடந்த அந்தப் பலகையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். யார் எத்தனை மணிக்கு வந்தாலும் இனி இந்த வீட்டில் ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் எதிரே இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள். மருமகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. கவளத்தை எண்ணிக்கொண்டு குனிந்தே இருந்தேன். "மாமா, தட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், நிமிந்து பாருங்," என்று அதட்டினாள்.

நிமிரப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் கழுத்து லேசில் கேட்பதில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டை லேசாகத் தள்ளினாள். கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தேன்.

"ஏங் கண்ணு?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"காரமுங் மாமா. கொழம்புல மொளகா தூக்கலா விழுந்திருச்சு."

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தாள். நான் என் தட்டுக்குத் திரும்பவில்லை. அவள் அடுத்த வாய் எடுத்து, மென்று, விழுங்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.